ஓர் உகரத்தில் தொலைந்த பெயர்

பேத்திக்குப் பெயர் தேடிய நண்பரிடம் ‘அனசூயா’ என்றேன். “பாட்டி பெயர் மாதிரி இருக்கே!” என்று சிரித்தார். ‘ஷ்’ஷும் ‘ஸ்ரீ’யும் ஒட்டிய பெயர்களுக்கு மத்தியில் இன்று அது அபூர்வம்தான். ஆனால் பொருளைப் பாருங்கள்: அசூயை, அதாவது பொறாமை, நமக்குத் தெரிந்த சொல். அது இல்லாதவள் அனசூயா. அத்திரி முனிவரின் மனைவி. மும்மூர்த்திகளையே குழந்தைகளாக்கியவள் என்கிறது சுசீந்திரம் தலபுராணம். காளிதாசனின் சகுந்தலைக்குத் தோழியும் ஓர் அனசூயாதான். 1918இல் அகமதாபாத் ஆலைத் தொழிலாளர்களுக்காக, ஆலை முதலாளியான தன் தம்பியையே எதிர்த்து நின்ற அனசூயா சாராபாயையும் மறக்க முடியாது.

நம் ஊரிலோ ரேஷன் கார்டு முதல் கல்யாணப் பத்திரிகை வரை ‘அனுசுயா’தான். ‘அன்’ என்றால் இல்லாமை. ‘அனு’ என்றால் பின்தொடர்தல். ஓர் உகரம் நுழைந்ததும் இல்லாமை போய்விட்டது, பொறாமை மட்டும் மிச்சம்! எண்கணிதம் பார்த்து எழுத்தைக் கூட்டிக் குறைப்பவர்கள், அர்த்தத்தையும் ஒருமுறை கூட்டிப் பார்க்கலாம். அடுத்த வீட்டுக் குழந்தையின் மார்க்கைப் பார்த்து வெந்துபோகும் இந்தக் காலத்தில், பொறாமை இல்லாமையைவிட நல்ல சீதனம் எந்தப் பெயரில் இருக்கிறது?