பத்துக்கு ஜோடி எங்கே?

"ஏழும் அஞ்சும் எவ்வளவு?" என்று கேட்டதும் இரண்டாம் வகுப்புப் பிள்ளையின் கை மெல்ல முதுகுக்குப் பின்னால் போனால், விரலை மறைத்து எண்ணுகிறது என்று அர்த்தம். "இன்னுமா விரல் விட்டு எண்ணுறே?" என்று எப்போதோ யாரோ அதட்டியிருப்பார்கள். கணக்கு தெரியாத பிள்ளையை விட, தெரியாததை மறைக்கக் கற்றுக்கொண்ட பிள்ளைக்குச் சொல்லிக் கொடுப்பதுதான் கஷ்டம்.

அந்தக் கையை வெளியே கொண்டுவர ஜோடி சேர்க்கும் சீட்டு விளையாட்டு உதவும். சீட்டுக்கட்டில் இரண்டு வகைச் சீட்டுகளை மட்டும் எடுத்து, ஏஸ் முதல் ஒன்பது வரை வைத்துக்கொள்ள வேண்டும். ஏஸ்தான் ஒன்று. மொத்தம் 18 சீட்டு. சீட்டுக்கட்டு என்றாலே முகம் சுளிக்கிற வீடுகளும் உண்டு. அங்கே வீட்டுக் கல்யாணத்தில் மிஞ்சிய பத்திரிகைகளை வெட்டி, எண்களை எழுதிக்கொள்ளலாம். பின்பக்கம் எல்லாம் ஒரே மாதிரி இருக்க வேண்டும். மூலையில் பிள்ளையார் படம் உள்ள சீட்டு எட்டு என்பதைப் பிள்ளைகள் இரண்டே ஆட்டத்தில் கண்டுபிடித்துவிடுவார்கள்.

எல்லாவற்றையும் கலைத்துத் தரையில் கவிழ்த்துப் பரப்ப வேண்டும். ஒருவர் இரண்டு சீட்டைத் திருப்ப வேண்டும். இரண்டும் சேர்ந்து பத்து வந்தால் அவருக்கு. இன்னொரு முறையும் ஆடலாம். வராவிட்டால் அதே இடத்தில் கவிழ்த்துவிட வேண்டும்.

ஏழைத் திருப்பிய பிள்ளைக்கு இப்போது இரண்டு வேலை. ஏழுக்கு எத்தனை சேர்ந்தால் பத்து? அந்த மூன்றை எங்கே பார்த்தோம்? இரண்டாவது கேள்வியின் ஆவலில் முதல் கேள்வியைப் பிள்ளை தானாகவே போட்டுப் பார்த்துவிடுகிறது. அடுத்தவர் ஆடும்போதும் மனசுக்குள் கணக்கு ஓடிக்கொண்டே இருக்கும். பயிற்சி நோட்டில் பத்துக் கணக்குப் போடச் சொன்னால் சிணுங்கும் பிள்ளை, ஓர் ஆட்டத்துக்குள் அதைப் போல இரண்டு மடங்கு போட்டிருக்கும்.

புதுக்கோட்டை மாவட்டத்தில் இதற்குத் தோதான ஜோடி வீட்டிலேயே இருக்கிறது. 1991-ல் அங்கே அறிவொளி இயக்கம் நடந்தபோது, கல்குவாரியிலும் வயலிலும் வேலை பார்த்த பெண்கள் எழுத்தோடு எண்களையும் படித்தார்கள். அப்போது ஆட்சியராக இருந்தவர் ஷீலா ராணி சுங்கத். ஆயிரக்கணக்கான பெண்கள் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொண்டது ஊரெல்லாம் பேச்சானது. குவாரிகளைக் குத்தகைக்கு எடுத்து நடத்திய பெண்கள் குழுக்களும் இருந்தன. கூலிக் கணக்கை இன்னொருவர் சொல்லிக் கேட்டவர்களுக்கு, தாமே கணக்குப் பார்ப்பது சின்ன விஷயமில்லை. அன்று அந்த வகுப்புகளில் உட்கார்ந்தவர்களில் பலர் இன்று பாட்டிகள்.

கீரமங்கலம் பூ மார்க்கெட்டிலோ ஆலங்குடி கடைத்தெருவிலோ கணக்குப் பார்த்துப் பழகியவர்களிடம் எட்டும் ஏழும் எவ்வளவு என்று கேட்டால், "எட்டோட ரெண்டு போட்டா பத்து, மிச்சம் அஞ்சு, பதினஞ்சு" என்பார்கள். பத்தை முழுசாக்கிக்கொண்டு மேலே போகும் இந்த வழிக்கு, பத்தின் ஜோடிகள் மனப்பாடமாக இருக்க வேண்டும். சீட்டு விளையாட்டு பழக்குவதும் அதைத்தான்.

ஆட்டத்தில் பாட்டிக்குக் கணக்கு உடனே வரும். மூன்று எங்கே இருந்தது என்பது மறந்துபோகும். பேத்திக்கு இடம் அச்சுப் போல நினைவிருக்கும்; ஏழுக்கு மூன்றா நான்கா என்று தடுமாறும். இருவருக்கும் ஜெயிக்க வாய்ப்பிருப்பதால் யாரும் விட்டுக்கொடுத்து ஆட வேண்டியதில்லை. விட்டுக்கொடுத்தால் பிள்ளைகளுக்குத் தெரிந்துவிடும்.

பெரியவர்கள் காக்க வேண்டியது வாயைத்தான். பிள்ளை யோசிக்கும்போது விடையைச் சொல்லக் கூடாது, அவசரப்படுத்தக் கூடாது. விரல் விட்டால் விடட்டும். பக்கத்தில் பத்துப் புளியங்கொட்டை இருந்தால் இன்னும் நல்லது. "ஏழும் நாலும் பதினொண்ணு, ஆகாது" என்று வாய்விட்டுச் சொல்லிக் கவிழ்க்கப் பழக்கலாம். செல்போனில் இதே விளையாட்டு நிறைய இருக்கிறது. ஆனால், அதில் தப்பு என்று போனே சொல்லிச் சீட்டைக் கவிழ்த்துவிடுவதால், பிள்ளை கூட்டிப் பார்க்காமலே அடுத்ததைத் தட்டிவிட்டுப் போகலாம்.

இது புதிதாகக் கணக்குச் சொல்லிக் கொடுக்கும் வழி இல்லை. ஏழு என்றால் எத்தனை என்றே பிடிபடாத பிள்ளைக்குக் கொட்டைகளை எண்ணுவதுதான் முதல் வேலை. அரசுப் பள்ளிகளில் 2022-ல் தொடங்கிய 'எண்ணும் எழுத்தும்' வகுப்புகளிலும் பொருள்களையும் அட்டைகளையும் வைத்துத்தான் எண்களைப் பழக்குகிறார்கள். தொடக்கத்தில் ஒரே வகைச் சீட்டும் கூடவே இன்னொரு ஐந்தும் போதும். பத்துச் சீட்டு, ஐந்து ஜோடி. முதல் ஆட்டத்தைக் கவிழ்க்காமலே ஆடலாம்.

பத்து பழகிய பிறகு கணக்கை ஒரு சீட்டிலும் விடையை இன்னொன்றிலும் எழுதி வாய்ப்பாட்டுக்கும் போகலாம். அப்போது 3×8 எழுதிய சீட்டையும் 4×6 எழுதிய சீட்டையும் எடுத்து வைத்துக்கொண்டு, "ரெண்டும் இருபத்து நாலுதானே, இதுவும் ஜோடிதான்" என்று பிள்ளை சண்டைக்கு வரும். ஜோடியைக் கொடுத்துவிடுங்கள்.