தேதிச் சீட்டு தீர்ப்பெழுதலாமா?

பல்கலைக்கழக நூலகங்களில் இடமில்லை என்கிறார்கள். மெய்தான். ஆண்டுதோறும் நூல்கள் வந்து சேர்கின்றன, சுவர்களோ நகர்வதில்லை. மாணவர் அமர்ந்து படிக்க இருக்கை வேண்டும். கணினிக்கு மேசை வேண்டும். ஆகவே சில நூல்களைக் கழித்தாக வேண்டும் என்பதில் எனக்கும் மறுப்பில்லை. எவற்றைக் கழிப்பது என்ற கேள்விக்குத் தரப்படும் விடையில்தான் கொடுமை ஒளிந்திருக்கிறது. நூலில் ஒட்டியுள்ள தேதிச் சீட்டைப் பார்க்கிறார்கள். பல ஆண்டுகளாக எவரும் இரவல் பெறவில்லையா? எடைக்குப் போடு! நூலகத்திலேயே அமர்ந்து படித்துவிட்டுச் சென்றவரை அந்தச் சீட்டு அறியாது என்பதையும் எவரும் எண்ணுவதில்லை.

இதற்கு ஆய்வுச் சான்றும் காட்டுவர். அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகம் 1969இல் வாங்கிய நூல்களுள் ஏறத்தாழ 40 விழுக்காடு, முதல் ஆறு ஆண்டுகளில் ஒருமுறைகூட இரவல் தரப்படவில்லை என்று 1979இல் வெளியான ஆய்வு கூறிற்று. ஆறு ஆண்டுகள்! ஒரு நூலின் வாழ்நாளில் அது கண்ணிமைப்பொழுது அன்றோ?

நம் வரலாற்றையே பார்ப்போம். இயேசு சபையைச் சார்ந்த புரோயென்சா அடிகளார் தொகுத்த தமிழ் – போர்த்துக்கீசிய அகராதி, 1679இல் அம்பலக்காட்டில் அச்சேறியது. பதினாறாயிரத்துக்கும் மேற்பட்ட சொற்களைக் கொண்ட கருவூலம் அது. காலப்போக்கில் தமிழுலகம் அதை மறந்தே போயிற்று. 1954இல் தனிநாயகம் அடிகளார் வத்திக்கான் நூலகத்தில் அதன் படியைக் கண்டார். 1966இல் கோலாலம்பூரில் அது மறுபதிப்பாக வெளிவந்தது. எஞ்சியதாக அறியப்படுவது அந்த ஒரே படிதான். அச்சான நாளுக்கும் அடிகளார் அதைக் கண்ட நாளுக்கும் இடையே 275 ஆண்டுகள்! இடையில் எவரேனும் தேதிச் சீட்டைப் பார்த்துத் தீர்ப்பெழுதியிருந்தால், பதினேழாம் நூற்றாண்டுப் பேச்சுத் தமிழின் சான்று ஒன்று மண்ணோடு போயிருக்கும்.

சென்னைப் பல்கலைக்கழக நூலகராயிருந்த அரங்கநாதன் 1931இல் வகுத்த ஐந்து விதிகளுள், நூலகம் வளரும் உயிரி என்பது இறுதி விதி. கழிப்போர் இதைத் துணைக்கழைத்து, வளரும் மரம் இலையுதிர்க்காதா என்பர். ஒவ்வொரு நூலுக்கும் அதற்குரிய வாசகர் உண்டு என்ற மூன்றாம் விதியை அவர்கள் மறந்தது ஏனோ? அந்த வாசகர் நாளையே வருவார் என்று அரங்கநாதன் எங்கும் சொல்லவில்லை.

“படமெடுத்து வைத்துவிட்டோம், தாள் எதற்கு?” என்பது அடுத்த வாதம். பிரித்தானிய நூலகம் 1999இல் தன்னிடமிருந்த அமெரிக்க நாளிதழ்த் தொகுதிகளை விற்க முற்பட்டது. நிக்கல்சன் பேக்கர் என்ற எழுத்தாளர் தம் சேமிப்பைச் செலவிட்டு அவற்றில் பலவற்றை வாங்கினார். வண்ணப் பக்கங்கள் நுண்படச் சுருளில் கறுப்பு வெள்ளையாகிவிட்டன. சில பக்கங்கள் விடுபட்டன. மூலமோ எறியப்பட்டது என்று அவர் 2001இல் நூலெழுதி உலகை அதிரவைத்தார். படி எடுத்தல் நன்று. அதைச் சாக்காக்கி மூலத்தை எறிதல் தீது.

வழி இல்லாமல் இல்லை. ஒரே பாடநூலின் இருபது படிகளில் பதினெட்டைக் கழியுங்கள்; எவரும் அழமாட்டார். ஆனால் ஒரு நூலைக் கழிக்குமுன், வேறெங்கேனும் அதன் படி உண்டா என்று கேளுங்கள். இல்லையெனில் அதைத் தொடாதீர்கள். கொலம்பியா, பிரின்ஸ்டன் பல்கலைக்கழகங்களும் நியூயார்க் பொது நூலகமும் ஒரே சேமிப்பகத்தைப் பகிர்ந்துகொள்கின்றன. அங்கே நூல்கள் பொருள்வாரியாக அல்ல, உயரவாரியாக நெருக்கி அடுக்கப்படுகின்றன. கேட்பவருக்கு வரவழைத்துத் தரப்படுகின்றன. நம் பல்கலைக்கழகங்கள் ஒன்றுகூடி அப்படியொரு கிடங்கை அமைக்க இயலாதா?

கோட்டையூர் ரோஜா முத்தையா என்ற தனிமனிதர், பழைய அச்சு நூல்களையும் இதழ்களையும் தேடித்தேடிச் சேர்த்தார். 1992இல் அவர் மறைந்தபின் அத்தொகுப்பைச் சிக்காகோ பல்கலைக்கழகம் வாங்கியது. அதைக் கொண்டு 1994இல் சென்னையில் ஆய்வு நூலகம் உருவாயிற்று. நம் நிறுவனங்கள் சுமையென்று கருதுவதை ஒருவர் செல்வமென்று கண்டார்.

இடம் என்பது கட்டடத்தில் மட்டும் குறைவதன்று, மனத்திலும் குறைகிறது. முன்னதற்குத் தீர்வு கிடங்கு. பின்னதற்குத் தீர்வு, நமக்குப் பின் வரப்போகும் வாசகரை மதித்தல்.