கன்னத்தில் கல் போல ஒரு கட்டி... பயப்பட வேண்டுமா?

குழந்தையைக் குளிப்பாட்டும்போது கன்னத்திலோ கழுத்திலோ புருவத்தின் ஓரத்திலோ பட்டாணி அளவில் ஒரு கட்டி தட்டுப்படுகிறது. வலி இல்லை. ஆனால், கூழாங்கல் போலக் கெட்டியாக இருக்கிறது. 'கொழுப்புக் கட்டி', 'நெறி கட்டியிருக்கு' என்று வீட்டில் ஆளுக்கொன்று சொல்வார்கள். செல்போனில் தேடினால் 'புற்றுநோய்' என்ற சொல் கண்ணில் பட்டு, அன்றைய தூக்கம் போய்விடும்.

இப்படி வரும் கட்டிகளில் ஒன்றுதான் 'பைலோமேட்ரிக்கோமா'. முடியை உருவாக்கும் வேர்ப்பகுதி செல்களிலிருந்து வளரும், அரிதான சாதாரணக் கட்டி இது. குழந்தைகள், இளம் வயதினரிடம் அதிகம் காணப்படுகிறது. 1880-ல் இதை முதலில் விவரித்தவர்கள், எண்ணெய்ச் சுரப்பியிலிருந்து வருவதாக நினைத்தார்கள். முடி வேர்தான் காரணம் என்று தெரிந்து, 1961-ல் பெயர் மாற்றப்பட்டது. அந்த இடத்து செல்களின் மரபணுவில் ஏற்படும் மாற்றமே பெரும்பாலும் இதற்குக் காரணம். இது தொற்றாது, நீங்கள் கொடுத்த சாப்பாட்டாலும் வந்ததில்லை.

எப்படிக் கண்டறிகிறார்கள்?

கட்டிக்குள் சுண்ணாம்புச் சத்து படிவதால்தான் அந்தக் கெட்டித்தன்மை. ஒரு ஓரத்தை அழுத்தினால், பார்க்கில் இருக்கும் சீசா பலகை போல மறு ஓரம் மேலே எழும். மேலே உள்ள தோல் சில நேரம் நீலம் பாய்ந்திருக்கும். இவற்றை வைத்தே தோல் மருத்துவர் சந்தேகப்படுவார். தேவைப்பட்டால் ஸ்கேன் எடுப்பார். ஊசியால் உறிஞ்சி எடுக்கும் சோதனை மட்டும் சில நேரம் புற்றுநோய் போலக் காட்டிக் குழப்பிவிடும். முழுக் கட்டியையும் எடுத்து பயாப்ஸி செய்தால்தான் உறுதியாகும். உட்கரு மறைந்து வெறும் உருவம் மட்டும் மிஞ்சிய 'பேய் செல்கள்' மைக்ராஸ்கோப்பில் தெரிவது இதன் முக்கிய அடையாளம்.

தானாகக் கரையுமா?

கரையாது. களிம்பு, பத்து எதற்கும் மசியாது. நசுக்குவதும் ஊசியால் குத்துவதும் வீக்கம், சீழ், தழும்பில்தான் முடியும். சின்ன அறுவை சிகிச்சையே தீர்வு. முழுமையாக எடுத்துவிட்டால் மீண்டும் வருவது அபூர்வம்.

அதன் பிறகு...

'சின்னக் கட்டிதானே' என்று பயாப்ஸியைத் தவிர்க்காதீர்கள். மிக அரிதாக இதே வகையில் புற்றுநோயும் உண்டு. ரிப்போர்ட்டைப் பத்திரப்படுத்துங்கள். தையல் பிரித்த பிறகும் அந்த இடத்தை அவ்வப்போது தடவிப் பாருங்கள். மறுபடி கட்டி தட்டுப்பட்டாலோ, எடுக்காமல் விட்ட கட்டி வேகமாக வளர்ந்தாலோ, புண்ணாகி ரத்தம் கசிந்தாலோ உடனே மருத்துவரிடம் செல்லுங்கள்.

ஒன்றுக்கு மேற்பட்ட கட்டிகள் இருந்தாலோ, குடும்பத்தில் வேறு யாருக்கும் வந்திருந்தாலோ அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். தசைகளைப் பாதிக்கும் மயோடோனிக் டிஸ்ட்ரோஃபி, குடலில் பாலிப்கள் உருவாகும் கார்ட்னர் சிண்ட்ரோம் போன்ற பரம்பரை நோய்களின் அறிகுறியாகவும் சிலருக்கு இது வரலாம். நீங்கள் சொல்லும் அந்த ஒரு தகவல், குடும்பத்தில் இன்னொருவரின் நோயை முன்கூட்டியே கண்டுபிடிக்க உதவும்.