அடுத்த பேச்சு இழுவைமடியிலிருந்து தொடங்கட்டும்

வெளிவிவகார அமைச்சரின் புதுடில்லிப் பயணம் பற்றி வடபகுதிக் கடற்றொழிலாளர்களாகிய எமது நிலைப்பாடு

வெளிவிவகார அமைச்சர் விஜித ஹேரத் பதவியேற்று மூன்று மாதம் நிறைவதற்குள், ஜனாதிபதி அநுர குமார திசாநாயக்கவுடன் புதுடில்லிக்குப் போய் வந்தார். 2024 டிசெம்பர் 15 முதல் 17 வரை நடந்த அந்தப் பயணத்தில் வெளியான நீண்ட கூட்டறிக்கையில் மின்சார இணைப்பு இருக்கிறது, எண்ணெய்க் குழாய் இருக்கிறது, கப்பல் சேவை இருக்கிறது. மீனவர்களைப் பற்றி ஒரு பந்தியும் இருக்கிறது. அந்தப் பந்தியை எங்கள் கூட்டத்தில் உரக்க வாசித்தோம். இரு பக்க மீனவர்களின் பிரச்சினையை மனிதாபிமானத்தோடு அணுக வேண்டும், வன்முறையைத் தவிர்க்க வேண்டும், பேச்சைத் தொடர வேண்டும் என்கிறது. வாசித்து முடித்ததும் பின்வரிசையில் இருந்த ஒரு மூத்த தொழிலாளி கேட்ட கேள்வி ஒன்றுதான்: "மடி எங்கே?"

இழுவைமடி என்ற சொல் அந்தப் பந்தியில் இல்லை. அறிக்கை வெளியான அதே நாளில் ஊடகவியலாளர் முன்னால் பேசிய ஜனாதிபதி, அடித்தளத்தை வாரும் இந்தத் தொழில்முறை நிறுத்தப்பட வேண்டும், இல்லாவிட்டால் கடற்றொழிலே அழிந்துவிடும் என்று வெளிப்படையாகச் சொன்னார். அதற்கு எங்கள் நன்றியைப் பதிவு செய்கிறோம். ஆனால் வாயால் சொன்னது தாளில் ஏறவில்லை. தாளில் ஏற்றுவது வெளிவிவகார அமைச்சின் வேலை.

எங்கள் நிலைப்பாடு இதுதான். வடகடல் பிரச்சினை எல்லைக்கோட்டைப் பற்றியதோ, கைதையும் விடுதலையையும் பற்றியதோ அல்ல. அது இழுவைமடியைப் பற்றியது. மடி என்றைக்கு நிற்கும் என்ற திகதியைப் பேசாத எந்தப் பேச்சையும் தீர்வுக்கான பேச்சாக நாங்கள் ஏற்கமாட்டோம்.

கொழும்பிலும் டில்லியிலும் இருந்து கோப்புப் பார்ப்பவர்களுக்காக, நாங்கள் தினமும் பார்ப்பதைச் சொல்கிறோம். பாக்கு விரிகுடா ஆழமில்லாத கடல். பெரும்பகுதி பதினைந்து மீற்றருக்குள் அடங்கிவிடும். றோலர் படகு இழுக்கும் மடியின் வாயை இரண்டு கனத்த பலகைகள் விரித்துப் பிடிக்கின்றன. கீழ்க்கயிற்றின் சங்கிலி தரையை உழுதுகொண்டு போகிறது. நாங்கள் சாதாளை என்று சொல்லும் கடற்புல் அதில் வேரோடு பிடுங்கப்படுகிறது. நண்டும் இறாலும் குஞ்சு பொரித்து வளர்வது அந்தப் புல்லுக்குள்தான். ஒரு முறை இழுத்த இடத்தில் அடுத்த பருவத்துக்கு என்ன மிஞ்சும்?

மடி அள்ளுவது மீனை மட்டுமல்ல. எங்கள் ஆட்கள் பின்னேரம் பைபர் படகில் போய் நண்டு வலையை விட்டுவிட்டு வருவார்கள், விடிய எடுப்பார்கள். ஒரு விடியலில் எங்கள் உறுப்பினர் ஒருவர் போய்ப் பார்த்தபோது, வலை விட்ட இடத்தில் இரண்டு மிதவைகள் மட்டும் ஆடிக்கொண்டிருந்தன. கயிற்றைப் பிடித்து இழுத்தார், பாரமே இல்லை. அறுந்த நுனி கைக்கு வந்தது. மனைவியின் சங்கிலியை அடகு வைத்து வாங்கிய வலை. அந்தக் கயிற்றுத் துண்டை அவர் இன்னும் எறியவில்லை, வீட்டு வளையில் சுற்றி வைத்திருக்கிறார். யாரிடம் போய் முறையிடுவது? இருட்டில் வந்த படகின் இலக்கத்தை யார் பார்த்தது?

இதனால் எங்கள் நாட்காட்டியே மாறிப்போயிற்று. எதிர்க்கரையான தமிழ்நாட்டு றோலர்கள் திங்கள், புதன், சனி ஆகிய நாட்களில் கடலுக்கு இறங்கும் வழக்கம். அந்த இரவுகளில் எங்கள் பக்கத்தில் பெரும்பாலானோர் வலை விடுவதில்லை. வாரத்தில் மூன்று நாள் சொந்தக் கடலில் தொழில் இல்லை. தமிழ்நாட்டில் மீன்பிடித் தடைக்காலமான ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையான 61 நாட்கள்தான் பயமில்லாமல் வலை விடும் காலம். அவர்களுடைய சட்டம் எங்களுக்குத் தரும் ஓய்வை எங்களுடைய சட்டம் தரவில்லை என்பதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது.

இதையெல்லாம் பகையோடு சொல்லவில்லை. போர்க்காலத்தில் இதே கடலைக் கடந்து இராமேஸ்வரத்தில் கரையேறியவர்கள் எங்கள் குடும்பத்தவர். கச்சதீவில் அந்தோனியார் திருவிழாவில் இரு கரையும் ஒன்றாக முழந்தாளிடுகிறது. 2022இல் நாடு வங்குரோத்தாகி, மண்ணெண்ணெய்க்கு நாட்கணக்கில் வரிசையில் நின்றபோது நெடுந்தீவு, நயினாதீவு, எழுவைதீவு, அனலைதீவுத் தொழிலாளர்களுக்கு இந்தியா 15,000 லீற்றர் மண்ணெண்ணெய் கொடுத்தது. அந்த ஓகஸ்டில் இங்கே லீற்றர் 87 ரூபாயிலிருந்து ஒரே இரவில் 340 ரூபாயானது. ஆகவே அந்த உதவியின் பெறுமதி எங்களுக்குத் தெரியும். பருத்தித்துறைத் துறைமுகமும் காரைநகர்ப் படகுத்தளமும் இந்திய உதவியோடு மேம்படப் போவதாக இந்தக் கூட்டறிக்கையே சொல்கிறது. வரவேற்கிறோம். ஆனால் துறைமுகத்தைக் கட்டித் தந்துவிட்டு, அதில் இறக்க மீன் இல்லாமல் போனால் அந்தத் துறைமுகத்தில் நாங்கள் எதைக் கட்டுவது? நட்பு நாடு என்பதால்தான் இதை நேரே கேட்கிறோம்.

வாக்குறுதிகளுக்குக் குறைவில்லை. 2014 ஜனவரியில் சென்னையிலும் மே மாதம் கொழும்பிலும் இரு கரை மீனவர்களும் நேரில் பேசினார்கள். 2016 நவம்பர் 5ஆம் திகதி புதுடில்லியில் இரு நாட்டு வெளிவிவகார அமைச்சர்களும் கடற்றொழில் அமைச்சர்களும் ஒன்றாக அமர்ந்து, இழுவைமடியை இயன்ற விரைவில் முடிவுக்குக் கொண்டுவருவது என்ற நோக்கை எழுத்தில் வைத்தார்கள். கூட்டுச் செயற்குழு மூன்று மாதத்துக்கு ஒருமுறை கூடும் என்றார்கள். அந்தக் கணக்கில் இன்றைக்கு முப்பதுக்கு மேற்பட்ட கூட்டங்கள் நடந்திருக்க வேண்டும். 2024 ஒக்டோபர் 29ஆம் திகதி கொழும்பில் நடந்தது ஆறாவது கூட்டம். 2017இல் தமிழ்நாட்டில் 2,000 றோலர்களை மூன்றாண்டுகளில் ஆழ்கடல் படகுகளாக மாற்றும் திட்டம் வந்தது. நல்ல திட்டம், முழு மனதோடு ஆதரித்தோம், இன்றும் ஆதரிக்கிறோம். ஏழு ஆண்டுகளுக்குப் பிறகும் அது இலக்குக்குக் கிட்டவும் போகவில்லை. வாங்கும் செலவும் கடன் சுமையும் தமிழ்நாட்டு மீனவர்களைத் தயங்க வைக்கின்றன. இதைத் தீர்க்க டில்லி பணம் ஒதுக்க வேண்டும் என்று கேட்பது எங்கள் அமைச்சரின் வாயிலிருந்தும் வர வேண்டும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 2022இல் தமிழ்நாடு அரசு பாக்கு விரிகுடாவில் 448 சதுர கிலோமீற்றரைக் கடற்பசுக் காப்பகமாக அறிவித்தது. கடற்பசு தின்பது கடற்புல்லை. அங்கே காக்கப்பட வேண்டிய புல் இங்கேயும் அதே புல்தான். அந்த அரசோடு பேச இதைவிடப் பொருத்தமான ஆரம்பம் வேறென்ன இருக்கிறது?

கச்சதீவை இந்தியாவுக்குத் திருப்பிக் கொடுத்தால் எல்லாம் சரியாகும் என்று அக்கரையில் தேர்தல்தோறும் எழும் பேச்சை நாங்கள் ஏற்கவில்லை. 285 ஏக்கர் தீவு அது. றோலர்கள் அதைத் தாண்டி நெடுந்தீவுக்கும் மாதகலுக்கும் நேரே வந்து இழுக்கின்றன. அதேபோல, கைதுகளை மட்டும் நம்பியிருக்கும் கொழும்பின் போக்கும் எங்களுக்கு ஆறுதல் தரவில்லை. 2024இல் மட்டும் 500க்கும் மேற்பட்ட இந்திய மீனவர்கள் கைதானார்கள். சிறைக்கு வருபவர்களில் பெரும்பாலோர் கூலிக்கு ஏறியவர்கள். முதலாளி கரையில் இருக்கிறார். அந்த ஆண்டு ஜூன் மாதம் ஒரு றோலரைப் பிடிக்கும்போது எங்கள் கடற்படைச் சிப்பாய் ஒருவர் உயிரிழந்தார். ஓகஸ்ட் முதலாம் திகதி கச்சதீவுக்கு அருகே கடற்படைப் படகும் மீன்பிடிப் படகும் மோதியதில் இராமேஸ்வரத்து மீனவர் ஒருவர் இறந்தார். இரண்டு வீட்டு அழுகையும் எங்களுக்கு ஒன்றுதான். மடி நின்றிருந்தால் இரண்டு பேரும் இருந்திருப்பார்கள்.

எங்கள் வீட்டுக் குறையையும் மறைக்கவில்லை. 2017இல் பாராளுமன்றம் இழுவைமடியைத் தடை செய்தது. அந்தச் சட்டம் எங்கள் கரையிலுள்ள உள்ளூர் றோலர்களுக்கும் பொருந்தும். சுருக்குவலையும் வெடியும் போடுபவர்களும் எங்களுக்குள் இருக்கிறார்கள். அவர்களை அரசு நிறுத்த வேண்டும். மாற்றுத் தொழிலுக்கு உதவியும் கொடுக்க வேண்டும். அதைச் செய்யாமல் டில்லியில் போய் நின்றால் எங்கள் பேச்சுக்கு எடை இருக்காது.

அமைச்சர் விஜித ஹேரத்திடமும் கடற்றொழில் அமைச்சர் இராமலிங்கம் சந்திரசேகரிடமும் எங்கள் கோரிக்கை: அடுத்த செயற்குழுக் கூட்டத்துக்குத் திகதி குறியுங்கள். அதை யாழ்ப்பாணத்திலோ மன்னாரிலோ நடத்துங்கள். இரு கரைத் தொழிலாளர்களுக்கும், வலை பின்னியும் கருவாடு போட்டும் இந்தக் கடலை நம்பியிருக்கும் பெண்களுக்கும் மேசையில் இடம் வேண்டும். நிகழ்ச்சிநிரலின் முதல் வரியில் இழுவைமடி இருக்கட்டும். அறுந்த வலைகளுக்கு இழப்பீடு கொடுக்க இரு நாடும் சேர்ந்து ஒரு பொறிமுறையை அமையுங்கள்.

கூட்டத்துக்கு முன் ஒரு திங்கட்கிழமை இரவு அமைச்சர் மாதகல் கரைக்கு வர வேண்டும் என்று அழைக்கிறோம். படகு தேவையில்லை. கரையில் நின்றாலே வடமேற்கில் வெளிச்சங்கள் வரிசையாகத் தெரியும், பார்க்கிறவருக்கு அது ஒரு பட்டணம் போலிருக்கும். எங்கள் ஆட்கள் அந்த நேரத்தில் கரையில்தான் இருப்பார்கள், வலைகள் வாடிக்குள் இருக்கும்.