நல்ல நுளம்பு வரட்டும், எங்களைக் கேட்டு வரட்டும்



கரம்பொனில் குடியிருக்கும் மலையகக் குடும்பங்கள் நாங்கள். தோட்டத்தை விட்டு வந்துவிட்டோம், ஆனால் உறவு விட்டுப்போகவில்லை. அண்ணன் தம்பி, மாமன் மச்சான் என்று பாதிப்பேர் இன்னும் கேகாலையிலும் இரத்தினபுரியிலும் இறப்பர் பால் வெட்டுகிறார்கள், மாத்தளைப் பக்கம் கொழுந்து எடுக்கிறார்கள். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் பஸ் ஏறி இங்கே வருவார்கள். சித்திரையில் நாங்கள் அங்கே போவோம். பலகாரப் பையோடு சில வருடங்களில் டெங்குவும் சேர்ந்து பயணம் செய்திருக்கிறது.

டெங்கு நுளம்பு தூரம் பறக்காது. பிறந்த இடத்தைச் சுற்றிச் சில நூறு மீற்றர்தான் அதன் உலகம். கிருமியை ஊர்விட்டு ஊர் கொண்டுபோவது மனிதர்தான். காய்ச்சலோடு வந்த ஒருவரை இங்குள்ள நுளம்பு கடிக்கும், பத்துப் பன்னிரண்டு நாளில் அதே நுளம்பு அடுத்த வீட்டுப் பிள்ளைக்கு அந்தக் கிருமியைக் கொடுக்கும். தென்மேற்குப் பருவமழையோடு சப்ரகமுவவில் டெங்கு ஏறும். கார்த்திகை, மார்கழி மழையோடு யாழ்ப்பாணத்தில் ஏறும். ஆகவே இது தோட்டத்துக்கும் தீவுக்கும் பொதுவான பிரச்சினை. 2017இல் இலங்கை முழுவதும் 186,000 பேருக்கு மேல் டெங்கு என்று பதிவானது. 400 பேருக்கு மேல் இறந்தார்கள்.

இப்போது புதிதாக ஒரு வழி பேசப்படுகிறது: நுளம்பைக் கொல்வதற்குப் பதிலாக, பக்டீரியா ஏற்றிய நுளம்பை ஊருக்குள் விடுவது. கேட்டவுடன் பலர் சிரித்தார்கள், சிலர் கோபப்பட்டார்கள். "இருக்கிற நுளம்பு போதாதென்று இன்னும் கொண்டுவந்து விடப் போகிறார்களா?" என்று எங்கள் வீட்டு ஆச்சி கேட்டார். நியாயமான கேள்வி. அதற்கு முதலில் பதில் சொல்வோம்.

அந்தப் பக்டீரியாவின் பெயர் வொல்பாக்கியா. 1924இல் அமெரிக்காவில் சாதாரண வீட்டு நுளம்புக்குள் அதைக் கண்டுபிடித்தார்கள். பழ ஈ, வண்ணத்துப்பூச்சி, தும்பி என்று உலகிலுள்ள பூச்சி இனங்களில் ஏறக்குறைய பாதிக்குள் இது இயற்கையாகவே இருக்கிறது. பூச்சியின் உயிரணுவுக்கு உள்ளேதான் வாழும். மனிதரிலோ ஆடு மாட்டிலோ தொற்றாது. ஆனால் டெங்குவைப் பரப்பும் முக்கிய நுளம்பான ஈடிஸ் ஈஜிப்தைக்குள் மட்டும் இயற்கையில் இது இல்லை. அவுஸ்திரேலிய விஞ்ஞானிகள் பழ ஈயிலிருந்து எடுத்த வொல்பாக்கியாவை இந்த நுளம்பின் முட்டைக்குள் ஊசியால் ஏற்றினார்கள். பல வருட முயற்சிக்குப் பிறகு பலித்தது. இந்தப் பக்டீரியா உள்ளே இருந்தால் டெங்குக் கிருமி அந்த நுளம்புக்குள் பெருக முடியாது. கடித்தாலும் நோய் பரவுவது மிகவும் குறைந்துவிடும்.

இன்னொரு சூட்சுமமும் உண்டு. பக்டீரியா உள்ள ஆண் நுளம்பு, பக்டீரியா இல்லாத பெண்ணோடு சேர்ந்தால் அந்த முட்டை பொரிக்காது. பக்டீரியா உள்ள பெண் எந்த ஆணோடு சேர்ந்தாலும் குஞ்சுகள் பக்டீரியாவோடு பிறக்கும். எனவே சில மாதங்கள் விட்டால் போதும், பிறகு ஊர் நுளம்புக் கூட்டமே தானாக மாறிவிடும். நுளம்பின் மரபணுவில் யாரும் கைவைப்பதில்லை.

இந்தச் சூட்சுமத்தை முதலில் ஊருக்குள் சோதித்தது நம் பக்கத்து பர்மாவில். 1967இல் ரங்கூனுக்கு அருகே ஒக்போ என்ற கிராமத்தில் லாவென் என்ற ஜெர்மன் விஞ்ஞானி, யானைக்கால் நோயைப் பரப்பும் நுளம்பின் ஆண்களை வளர்த்து விட்டார். சில வாரங்களில் அந்தக் கிராமத்தில் முட்டைகள் பொரிப்பது நின்றுபோனது. காரணம் வொல்பாக்கியா என்பது பிறகுதான் தெரிந்தது.

டெங்குவுக்கான முதல் விடுவிப்பு 2011இல் அவுஸ்திரேலியாவின் கெயின்ஸ் பகுதியில் நடந்தது. இந்தோனேசியாவின் யோக்யகர்த்தா நகரில் பெரிய சோதனை செய்தார்கள். நகரை 24 பகுதிகளாகப் பிரித்து, சீட்டுப்போட்டு 12 பகுதிகளில் மட்டும் விட்டார்கள். மக்கள் தங்கள் வளவிலேயே முட்டை வைத்த வாளிகளைப் பாதுகாத்தார்கள். 2021இல் வெளிவந்த முடிவின்படி, விட்ட பகுதிகளில் டெங்கு 77 வீதம் குறைந்தது. டெங்குவால் ஆஸ்பத்திரியில் படுப்பது 86 வீதம் குறைந்தது. இலங்கையிலும் சுகாதார அமைச்சும் உலக நுளம்புத் திட்டமும் சேர்ந்து, அவுஸ்திரேலிய அரசின் உதவியோடு, நுகேகொடையிலும் கொழும்பு நகரின் ஒரு பகுதியிலும் இதைச் செய்திருக்கின்றன. பாக்குநீரிணைக்கு அந்தப் பக்கம் புதுச்சேரியில் இந்திய அரசின் ஆய்வுநிலையம் இத்தகைய நுளம்புகளை வளர்த்து வைத்திருப்பதாக 2022இல் அறிவித்தது.

ஆகவே விஞ்ஞானத்தை நாங்கள் எதிர்க்கவில்லை. வரவேற்கிறோம். எங்கள் பேச்சு வேறு இடத்தில் தொடங்குகிறது.

முதலாவது, யாருக்கு முதலில்? ஜனநெருக்கம் கூடிய நகரத்தில் தொடங்கியதில் பிழை இல்லை. ஆனால் அங்கேயே நின்றுவிடக் கூடாது. கூலிக்காரனுக்கு டெங்கு வந்தால் என்ன நடக்கிறது? காய்ச்சலோடு முதல் இரண்டு நாள் மலைக்குப் போவான், ஏனென்றால் போகாவிட்டால் பேர் இல்லை. மூன்றாம் நாள் படுப்பான். இரத்தப் பரிசோதனைக்கு வான் பிடிக்க வேண்டும். காய்ச்சல் விட்டதும் சுகம் என்று நினைத்து வேலைக்கு இறங்குவான். டெங்குவில் ஆபத்தான நேரமே காய்ச்சல் இறங்கும் அந்த ஒன்றிரண்டு நாள்தான். தப்பிப் பிழைத்தாலும் இரண்டு வாரப் பேர் போய்விடும், கடன் ஏறிவிடும். ஆஸ்பத்திரிக்குத் தூரம் கூடிய இடங்களில்தான் நோயைத் தடுப்பதன் பெறுமதி கூட. அந்தக் கணக்கில் லயமும் தீவும் பட்டியலின் அடியில் இருக்க முடியாது.

இரண்டாவது, எங்கள் இடத்துக்கு ஏற்றதா என்று எங்கள் இடத்தில் பார்க்க வேண்டும். டெங்கு நுளம்பு நல்ல தண்ணீரில் மட்டும்தான் பெருகும் என்று வெகுகாலம் சொல்லித் தந்தார்கள். 2011இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் சுரேந்திரனும் அவரோடு சேர்ந்த ஆய்வாளர்களும், யாழ்ப்பாணம், மட்டக்களப்புக் கரையோரங்களில் உவர்த் தண்ணீரிலும் அதன் புழுக்கள் வளர்வதைக் காட்டினார்கள். பாழடைந்த கிணறு, கைவிட்ட வள்ளம், எறிந்த பேணி எல்லாம் அதற்குப் போதும். கரம்பொனில் இருப்பவர்களுக்கு இது பெரிய செய்தி. "எங்கள் கிணறு உப்பு, நுளம்பு வராது" என்ற நம்பிக்கையை விட வேண்டும். அதேபோல, பழ ஈயிலிருந்து எடுத்த வொல்பாக்கியா வகைக்குக் கடும் வெப்பம் ஒத்துவருவதில்லை, புழுப் பருவத்தில் சூடு கூடினால் பக்டீரியா குறைந்துபோகும். மலேசியாவில் வெப்பம் தாங்கும் வேறொரு வகையைப் பயன்படுத்தினார்கள். எங்கள் பங்குனி, சித்திரை வெயிலுக்கும் உவர்த் தண்ணீருக்கும் எந்த வகை நிற்கும் என்பதை யாழ்ப்பாணத்திலேயே சோதித்துப் பார்க்கட்டும்.

இறப்பர் தோட்டத்துக்கு இன்னொரு சிக்கல். அங்கே சிரட்டையிலும் மரப்பொந்திலும் பெருகுவது பெரும்பாலும் ஈடிஸ் அல்போபிக்டஸ் என்ற மற்ற இனம். அதுவும் டெங்குவைப் பரப்பும். நகரத்தில் விட்ட நுளம்பு அதை மாற்றாது. அந்த இனத்துக்கும் வழி இல்லாமல் இல்லை. சீனாவின் குவாங்சூவில் ஆற்றின் நடுவே இருக்கும் இரண்டு தீவுகளில் வொல்பாக்கியா ஏற்றிய ஆண்களை விட்டு அந்த இனத்தை ஏறக்குறைய ஒழித்ததாக 2019இல் எழுதினார்கள். ஆனால் அதற்குத் தொடர்ந்து செலவழிக்க வேண்டும். எனவே தோட்டத்துக்குத் தனித் திட்டம் வேண்டும், நகரத்துத் திட்டத்தின் மிச்சம் போதாது.

மூன்றாவது, எங்களைக் கேட்க வேண்டும். 1970களில் டில்லியில் உலக சுகாதார நிறுவனத்தோடு சேர்ந்து நடந்த நுளம்பு ஆய்வு, மக்களுக்கு ஒழுங்காக விளக்கப்படாததால் சந்தேகம் கிளம்பி, பாராளுமன்றம் வரை போய், 1975இல் மூடப்பட்டது. 2023இல் பாலித் தீவிலும் மக்கள் எதிர்த்ததால் வொல்பாக்கியா விடுவிப்பைத் தள்ளிப்போட்டார்கள். அதே நாட்டில் யோக்யகர்த்தாவில் வீடு வீடாகப் பேசிச் சம்மதம் வாங்கினார்கள், மக்களே வாளியைக் காத்தார்கள். பேசாமல் விட்டால் நல்ல திட்டமும் கெட்டுப்போகும் என்பதற்கு வேறு சாட்சி தேவையில்லை. தமிழில் பேசுங்கள். கோயில் முற்றத்திலும் மாதர் சங்கத்திலும் மஸ்டர் களத்திலும் வந்து பேசுங்கள். ஆச்சியின் கேள்விக்கு ஆச்சிக்கு விளங்கும்படி பதில் சொல்லுங்கள்.

நான்காவதுதான் எங்களுக்கு முக்கியம். நுளம்பு வந்துவிட்டது, இனித் தண்ணீர்த் தொட்டி எதற்கு, குப்பை வண்டி எதற்கு என்று யாரும் சொல்ல இடம் கொடுக்கக் கூடாது. லயத்தில் குழாய்த் தண்ணீர் ஒழுங்காக வந்தால் எவரும் பீப்பாயில் தேக்கி வைக்கமாட்டார்கள். தீவில் பவுசர் வரும் நாளை நம்பி இருப்பவர்கள் பாத்திரம் பாத்திரமாகப் பிடித்து வைக்காமல் என்ன செய்வார்கள்? பீப்பாயைத் திறந்து வைத்ததற்குத் தொழிலாளிக்குத் தண்டம் அடிப்பது சுலபம். அந்தப் பீப்பாய் ஏன் தேவைப்பட்டது என்று கேட்பவர் இல்லை. நாங்கள் கேட்கிறோம்.

ஆகவே எங்கள் கோரிக்கைகள் இவை. அடுத்த விடுவிப்புப் பட்டியலில் இறப்பர் மாவட்டத் தோட்டங்களும் யாழ்ப்பாணத் தீவுகளும் இடம்பெற வேண்டும். விடுவதற்கு முன் ஊர்க்கூட்டம் வைத்துச் சம்மதம் பெற வேண்டும். மூடி உள்ள தொட்டிகளைத் தோட்ட நிர்வாகம் தர வேண்டும். வெட்டு இல்லாத நாட்களில் சிரட்டை கவிழ்க்கும் வேலைக்குப் பேர் போட வேண்டும். டெங்கு என்று வைத்தியர் எழுதிக் கொடுத்தால் அந்த நாட்களுக்குச் சம்பளம் தர வேண்டும்.

அதுவரை நம் கையில் இருப்பதை நாம் செய்வோம். வாரம் ஒருமுறை தொட்டியின் உட்சுவரைத் தேய்த்துக் கழுவுங்கள், தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது, சுவரில் ஒட்டிய முட்டை மாதக்கணக்கில் காய்ந்து கிடந்து அடுத்த மழையில் பொரிக்கும். காய்ச்சலுக்குப் பரசிற்றமோல் தவிர வேறு வலி மாத்திரை போடாதீர்கள். காய்ச்சலோடு பயணம் புறப்படாதீர்கள். புறப்பட்டுத்தான் ஆகவேண்டும் என்றால் போய் இறங்கிய வீட்டில் பகலிலும் நுளம்பு வலைக்குள் படுங்கள்.

அடுத்த கிளைக் கூட்டத்தில் இந்தக் கோரிக்கைகளை முன்வைத்துப் பேசுங்கள். தோட்டத்தில் நீங்கள் பேசுங்கள், தீவில் நாங்கள் பேசுகிறோம். இந்தப் பொங்கலுக்கு வரும் உறவுகளின் பையில் பலகாரம் மட்டும் இருக்கட்டும்.