பொதியில் சிரிக்கும் முகம்

உலகக் கண்காட்சியொன்றில் இலங்கை அரங்கு என்றால், உள்ளே என்ன இருக்கும் என்பதைப் போகாமலே சொல்லிவிடலாம். தேயிலை, கறுவா, இரத்தினக்கல், கண்டிய நடனம், சுவரை நிறைத்த சீகிரியா. இவை ஒன்றும் பொய்யல்ல. ஆனால் இவற்றுக்குப் பின்னால் நிற்கும் மனிதர்களை நாம் அங்கே பேச விடுகிறோமா என்பதே என் கேள்வி.

தேயிலையையே எடுத்துக்கொள்வோம். ஜேம்ஸ் டெய்லர் 1867 இல் லூல்கந்துரவில் 19 ஏக்கரில் அதைப் பயிரிட்டார். 26 ஆண்டுகள் கழித்து, 1893 சிக்காகோ உலகக் கண்காட்சியில் இலங்கைக்கென ஒரு மாளிகையே எழுந்தது. அதற்கான மரங்கூட இங்கிருந்துதான் கப்பலேறியது. பத்து இலட்சம் தேயிலைப் பொதிகள் அங்கே விற்பனையானதாகச் சொல்வார்கள். அமெரிக்கரின் நாவைப் பிடிக்க ஆங்கில அரசும் தோட்டத் துரைமாரும் செய்த அந்த ஏற்பாட்டின் திறமையை நான் மறுக்கவில்லை. கொழுந்து பறித்த பெண்களுக்கு மட்டும் அந்தக் கதையில் பெயரில்லை.

அந்நியர் ஆட்சியில் அப்படி இருந்தது, சரி. சுதந்திரத்தின் பின்? 1948 ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் ஏறக்குறைய 7 இலட்சம் மலையக மக்களை நாடற்றவர்களாக்கியது. 1964 இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு என்று பங்கு பிரித்தது. மீதமிருந்த 150,000 பேரின் கதியைப் பிறகு பார்க்கலாம் என்று விட்டுவிட்டார்கள். அந்தக் கணக்கு முடியுமுன்பே 1967 இல் மொன்றியலிலும் 1970 இல் ஒசாகாவிலும் நாம் அரங்கு அமைத்தோம். தேயிலை எந்த நாட்டுடையது என்பதில் எவருக்கும் ஐயமில்லை. அதைப் பறித்தவள் எந்த நாட்டவள் என்பதுதான் தீர்மானமாகவில்லை. ஆனாலும் சுவரொட்டிகளிலும் பொதிகளிலும் கூடையைச் சுமந்தபடி அவள் சிரித்துக்கொண்டே இருந்தாள்.

"விற்கப் போன இடத்தில் வீட்டுக் குறையைச் சொல்வதா?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். அதிகாரிகள் வரும் நாளில் நாங்களும் உடைந்த கதிரைகளைப் பின்னறைக்குள் தள்ளுகிறவர்கள்தானே! (இதை எழுதியதற்காக ஆசிரியர்கள் கோபிக்கமாட்டார்கள் என நம்புகிறேன்.) இருந்தாலும் 1958 இல் பிரசல்ஸில் நடந்ததைப் பாருங்கள். பெல்ஜியம் தன் ஆட்சியின் பெருமையைக் காட்டுவதற்காக, கொங்கோ மக்களை வேலிக்குள் ஒரு கிராமமாக இருத்தியது. பார்வையாளர்கள் அவர்களை நோக்கி வாழைப்பழம் எறிந்தார்கள். அவமானம் பொறுக்காமல் அவர்கள் இடையிலேயே வெளியேறினார்கள். அதே கண்காட்சியில் அமெரிக்கா 'முடிவுறாத பணி' என்றொரு சிறு பகுதியை வைத்து, தன் நாட்டின் நிறப் பாகுபாட்டைத் தானே ஒப்புக்கொண்டது. தென் மாநில அரசியல்வாதிகள் கொதித்தெழ, அதை மூடிவிட்டார்கள். பெல்ஜியம் பெருமையென்று காட்டியது இன்று அதன் வெட்கமாகிவிட்டது. அமெரிக்கா அவசரமாக மூடிய அந்தச் சிறு பகுதியைத்தான் நான் மதிக்கிறேன்.

2030 இல் ரியாத் நகரில் உலகக் கண்காட்சி நடக்கவிருக்கிறது. அங்கே நாம் அரங்கு அமைத்தால், இலங்கை எப்படிப்பட்டது என்று அந்நகரத்தாருக்குப் பிரசுரம் கொடுத்து விளக்கத் தேவையில்லை. எத்தனையோ வீடுகளில், தம் பிள்ளையை இடுப்பில் வைத்துச் சோறூட்டிய பணிப்பெண்ணைக் கொண்டே அவர்கள் நம் நாட்டை அளந்து வைத்திருக்கிறார்கள். தூதரகம் செய்ய வேண்டிய வேலையைப் பாதி அவள் செய்து முடித்துவிட்டாள். எங்கள் வகுப்பிலேயே உம்மாவின் குரலைத் தொலைபேசியில் மட்டும் கேட்டு வளர்ந்த தோழியர் உண்டு.

ஆகவே நடனக் குழுவுக்கு ஒதுக்கும் நேரத்தில் நாளுக்கு ஒரு மணித்தியாலத்தையாவது, கொழுந்து பறிக்கும் ஒரு பெண்ணுக்கும் அந்நகரில் வேலை செய்யும் ஒரு பெண்ணுக்கும் கொடுக்க வேண்டும். பக்கத்தில் ஒரு மொழிபெயர்ப்பாளர் இருந்தால் போதும். என்ன பேச வேண்டும் என்று கொழும்பிலிருந்து எழுதிக்கொடுக்க வேண்டாம்.