"நேரம் கிடைக்கும்போது" என்றால் எப்போது?

கல்லூரிகளுக்கு ஒரு புதுப் பாடம் வந்திருக்கிறது. இந்தத் தடவை படிக்க வேண்டியவர்கள் மாணவர்கள் அல்ல. பாடம் நடத்துகிறவர்கள்!

ஏ.ஐ. என்கிற செயற்கை நுண்ணறிவைப் பேராசிரியர்களும் அலுவலக ஊழியர்களும் கற்றுக்கொள்ள வேண்டுமாம். அதிலும், கேட்டதை எழுதிக் கொடுக்கிற, படம் போட்டுக் கொடுக்கிற ரகத்தை.

இதற்கு வகுப்பு கிடையாது. மணி அடிப்பதும் கிடையாது. பாடம் இன்டர்நெட்டில் இருக்கிறது. அவரவர் வசதிப்படி பார்த்துக்கொள்ளலாம். கடைசியில் நாலு கேள்விக்குப் பதில் சொன்னால் சான்றிதழ்.

ஏற்பாடு நல்ல ஏற்பாடுதான். பஸ் செலவு இல்லை, லீவு போட வேண்டியதில்லை. புரியாத இடத்தைத் திருப்பிப் போட்டுப் பார்க்கலாம். இதை நாம் குறை சொல்லவில்லை.

ஆனால், "நேரம் கிடைக்கும்போது படிச்சுக்குங்க" என்கிறார்களே, அந்த நேரம் எப்போது கிடைக்கும்? அதைத்தான் யாரும் சொல்லக் காணோம்!

தெரியாவிட்டால் என்ன நடக்கும்?

"இத்தனை வருஷம் இது இல்லாமலா பாடம் நடத்தினாங்க?" என்று சிலர் கேட்கலாம்.

2022 நவம்பர் 30ந் தேதி சாட்-ஜிபிடி வந்தது. அன்றிலிருந்து நிலைமை வேறு. கட்டுரையா, அசைன்மென்டா, எதைக் கேட்டாலும் மாணவன் கையில் இருக்கிற செல்போனே எழுதித் தருகிறது. திருத்துகிறவருக்கு அந்தக் கருவியைப் பற்றி ஒன்றும் தெரியாது என்றால் அவதிப்படப் போவது யார்? மாணவர்கள்தான்.

அமெரிக்காவில் டெக்சாஸ் மாநிலத்தில் 2023 மே மாதம் அப்படித்தான் நடந்தது. ஒரு பல்கலைக்கழக ஆசிரியர் மாணவர்களின் கட்டுரைகளை சாட்-ஜிபிடியிடமே கொடுத்து, "இதை நீ எழுதினாயா?" என்று கேட்டார். அது "ஆமாம்" என்றது. அவரும் நம்பிவிட்டார்! பட்டம் வாங்குகிற நேரத்தில் மாணவர்களின் மதிப்பெண் நிறுத்தி வைக்கப்பட்டது. தாங்களே எழுதியது என்று ஆதாரம் காட்டித்தான் சிலர் தப்பித்தார்கள்.

அடுத்து எந்தச் சொல் வரும் என்று கணக்குப் போட்டு வாக்கியம் கட்டுகிற யந்திரம் அது. எழுதியது யார் என்று அதற்குத் தெரியாது. இந்த ஒரு பாடத்தை முன்பே படித்திருந்தால் அவர் அதனிடம் போய்ச் சாட்சி கேட்டிருப்பாரா?

"கண்டுபிடிக்கத்தான் தனிக் கருவி இருக்கே!" என்பார்கள். அந்தக் கதையையும் கேளுங்கள்.

சாட்-ஜிபிடியை உருவாக்கிய ஓபன்-ஏ.ஐ. நிறுவனமே 2023 ஜனவரியில் ஒரு கண்டுபிடிப்புக் கருவியை வெளியிட்டது. அது சரியாகச் சொல்லவில்லை என்று அதே ஆண்டு ஜூலையில் திரும்பப் பெற்றுக்கொண்டது.

ஸ்டான்போர்டு ஆராய்ச்சியாளர்கள் 2023ல் இப்படிப்பட்ட 7 கருவிகளைச் சோதித்தார்கள். ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாதவர்கள் தம் கையால் எழுதிய 91 கட்டுரைகளைக் கொடுத்தார்கள். சராசரியாகப் பாதிக்கு மேற்பட்ட கட்டுரைகள் "யந்திரம் எழுதியது" என்று தீர்ப்பாயின! அமெரிக்கப் பள்ளிப் பிள்ளைகள் எழுதியதில் அந்தத் தகராறு அநேகமாக இல்லை.

தமிழில் யோசித்து, எளிய ஆங்கிலத்தில் எழுதுகிற நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு இது எவ்வளவு பெரிய ஆபத்து! கருவி சொல்வதை எவ்வளவு தூரம் நம்பலாம் என்று ஆசிரியருக்குத் தெரிந்திருக்க வேண்டாமா?

ஆக, படிக்கத்தான் வேண்டும். ஏ.ஐ.சி.டி.இ. 2025ஆம் ஆண்டை செயற்கை நுண்ணறிவு ஆண்டு என்றே அறிவித்தது. அறிவிப்புக்குப் பஞ்சமில்லை. படித்து முடிப்பதில்தான் பஞ்சம்.

நூற்றுக்கு மூன்று!

ஹார்வர்டும் எம்.ஐ.டி.யும் சேர்ந்து 2012ல் இன்டர்நெட் படிப்புகளைத் தொடங்கின. அதன் கணக்கை எம்.ஐ.டி. ஆராய்ச்சியாளர்கள் 2019ல் வெளியிட்டார்கள்.

பெயர் கொடுத்தவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்கள் பாடத்தைத் திறந்தே பார்க்கவில்லை. 2017-18ல் முடித்தவர்கள் நூற்றுக்குச் சுமார் 3 பேர். பணம் கட்டி, சான்றிதழ் வேண்டும் என்று சேர்ந்தவர்களில் மட்டும் நூற்றுக்கு 46 பேர் முடித்தார்கள்.

இதற்குச் சோம்பேறித்தனம் காரணம் என்று சொல்லிவிட முடியாது. எப்போது வேண்டுமானாலும் செய்யலாம் என்கிற வேலை எப்போதும் கடைசிக்குத்தான் போகும். இது மனித சுபாவம்.

கல்லூரி ஆசிரியரின் நாளை நினைத்துப் பாருங்கள். பாடம் நடத்த வேண்டும், விடைத்தாள் திருத்த வேண்டும். அட்மிஷன் வேலை, தேர்வு வேலை, நாக் குழு வருகிறது என்றால் கட்டுக் கட்டாகக் காகிதம். எல்லாம் முடிந்து இரவு சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்தால் கண் சொக்குகிறது. அப்போது வீடியோவை ஓடவிட்டு, பக்கத்தில் வேறு வேலை பார்த்து, விடையை யாரிடமாவது கேட்டு அமுக்கினால் சான்றிதழ் வந்துவிடும். பாடம் வருமா?

தொகுப்பூதியத்தில் காலம் தள்ளும் கௌரவ விரிவுரையாளர்களின் பாடு இன்னும் மோசம். அடுத்த வருஷம் வேலை நிச்சயமில்லாதவரிடம் "சொந்த நேரத்தில் படி" என்று சொல்வது என்ன நியாயம்?

டைப்ரைட்டிங் வகுப்பை மறந்துவிட்டோமா?

நம் ஊரில் தெருவுக்குத் தெரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் இருந்தது. லோயர், ஹையர் பாஸ் பண்ணிய குமாஸ்தாக்கள் இதைப் படித்துக்கொண்டிருப்பார்கள். அவர்களைக் கேட்கிறோம். புத்தகத்தைப் பார்த்தா டைப் அடிக்கக் கற்றீர்கள்?

இல்லை. தினமும் ஒரு மணி நேரம். குறித்த நேரம், குறித்த மிஷின். தப்பாக விரல் வைத்தால் சொல்ல ஒரு மாஸ்டர். கடைசியில் அரசாங்கத் தேர்வில் அடித்துக் காட்டினால்தான் சான்றிதழ். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பது அங்கே எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

2003ல் தொடங்கிய என்.பி.டி.இ.எல். திட்டம் நம் கிண்டி ஐ.ஐ.டி.யும் பங்கு கொள்ளும் திட்டம். அங்கே பாடத்துக்குக் கட்டணம் இல்லை. ஆனால் சான்றிதழ் வேண்டுமென்றால் வாரா வாரம் பயிற்சியை முடித்து அனுப்ப வேண்டும், தேர்வு மையத்துக்கு நேரில் போய் எழுத வேண்டும். கெடு இருப்பதால்தான் வேலை நடக்கிறது.

குமாஸ்தாவை விட்டுவிடாதீர்கள்

இந்தப் பயிற்சி என்றதும் பேராசிரியர்களை மட்டும் கூப்பிடுகிறார்கள். அது தப்பு. சர்க்குலர் எழுதுவது யார்? ஸ்காலர்ஷிப் பட்டியல் போடுவது யார்? கல்லூரி அலுவலகத்தில் இருப்பவர்கள்தானே!

மாணவர்களின் மதிப்பெண், சாதிச் சான்றிதழ், வங்கிக் கணக்கு எண், ஆதார் எண் எல்லாம் அவர்கள் கையில்தான் இருக்கின்றன. "சீக்கிரம் வேலை முடியுமே" என்று அந்தப் பட்டியலை அப்படியே ஒரு இலவச ஏ.ஐ.யில் ஒட்டிவிட்டால், அது வெளியார் கம்ப்யூட்டருக்குப் போய்விடும். போனது போனதுதான். தனிநபர் தரவைக் காப்பாற்றவென்றே நாடாளுமன்றம் 2023ல் சட்டம் நிறைவேற்றியிருக்கிறது. எதைக் கொடுக்கலாம், எதைக் கொடுக்கக்கூடாது என்பதுதான் அலுவலகத்துக்கு முதல் பாடமாக இருக்க வேண்டும்.

என்ன செய்யலாம்?

ஒன்று: வாரம் 2 மணி நேரத்தை டைம்-டேபிளிலேயே ஒதுக்குங்கள். முழுநேர ஆசிரியருக்கு வாரம் 40 மணி நேரத்துக்குக் குறையாத வேலை என்று யு.ஜி.சி. 2018ல் விதி போட்டது. அதில் இது நூற்றுக்கு 5 பங்கு. "அப்போ வகுப்பு என்னாவது?" என்று கேட்க வேண்டாம். ஒரே தகவலை நாலு படிவத்தில் நிரப்பச் சொல்வதை நிறுத்தினாலே இந்த 2 மணி நேரம் கிடைத்துவிடும்.

இரண்டு: கௌரவ விரிவுரையாளர்களுக்கு அந்த நேரத்துக்கும் காசு கொடுங்கள்.

மூன்று: பாடத்தைத் தமிழிலும் போடுங்கள். அலுவலக ஊழியர்களுக்கு அதுதான் கைகொடுக்கும்.

நான்கு: மாதம் ஒரு நாளாவது துறைக்காரர்கள் ஒன்றாக உட்காரட்டும். அவரவர் செய்து பார்த்ததைக் காட்டட்டும். ஏ.ஐ. தப்பாகச் சொன்ன இடத்தைப் பிடித்துக் காட்டுபவருக்கு ஒரு சபாஷ் போடுங்கள்.

ஐந்து: கேள்வித்தாளோ சர்க்குலரோ, அவரவர் வேலையில் ஒன்றைச் செய்து காட்டிய பிறகு சான்றிதழ் கொடுங்கள். வீடியோ ஓடி முடிந்ததற்கெல்லாம் கொடுக்காதீர்கள்.

இதெல்லாம் பெரிய செலவு பிடிக்கிற காரியமில்லை. ஒரு சுற்றறிக்கை போதும்.

அதைச் செய்யாமல், "எங்கள் கல்லூரியில் இத்தனை பேர் பயிற்சி பெற்றார்கள்" என்று புள்ளிவிவரம் மட்டும் காட்டினால், அது கணக்குக்கு ஆகும். காரியத்துக்கு ஆகாது. ஒருநாள் ஏதோ ஒரு ஏழைப் பிள்ளை சொந்தமாக எழுதிய கட்டுரைக்கு "காப்பி" என்று பழி சுமந்து நிற்கும். அப்போது பதில் சொல்ல வேண்டியவர்கள் யார்?

ஆசிரியர்களையும் ஊழியர்களையும் படிக்கச் சொல்வது சரி. படிக்க நேரம் கொடுங்கள். உயர்கல்வித் துறையும் கல்லூரி நிர்வாகங்களும் உடனே ஆவன செய்யுமா?